சாவி யார் கையில்?

அரியக்குடி என்றதும் சங்கீதப் பிரியர்களுக்கு ராமானுஜ ஐயங்காரின் ஞாபகம் வரும். பக்தர்களுக்குத் 'தென் திருப்பதி' என்று பெயர் பெற்ற திருவேங்கடமுடையான் கோயிலின் ஞாபகம் வரும். நமக்கோ, சமீபத்தில் அங்கே போய் வந்த பிறகு, ஓர் இரும்புப் பெட்டியும் ஒரு கைபேசியும்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. இரண்டும் ஒரே வீட்டில், ஒரே வாரத்தில் பழுதாயின. அவற்றுக்கு நேர்ந்த கதியை நேயர்களுக்குச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

காரைக்குடிக்கு அருகிலுள்ள அந்த ஊரில் நம் நண்பர் ஒருவரின் பெரியம்மா வசித்து வருகிறார். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. ஊரார் எல்லோருக்கும் அவர் 'ஆச்சி'. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று ஒரு தெருவிலே ஆரம்பித்து அடுத்த தெருவிலே முடியும் பழைய செட்டிநாட்டு வீடு. பர்மாத் தேக்குத் தூண்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. கண்ணாடி போல் வழவழக்கும் சுண்ணாம்புப் பூச்சுச் சுவர்கள். அத்தனை பெரிய வீட்டில் இப்போது ஆச்சியும், சமையலுக்கு ஓர் அம்மாளும் மட்டுமே வாசம். பிள்ளை சிங்கப்பூரில், பெண் கோயம்புத்தூரில்.

நாம் போன அன்று ஆச்சி இரண்டு கவலைகளோடு உட்கார்ந்திருந்தார். முதலாவது, அவருடைய மாமனார் காலத்து இரும்புப் பெட்டியின் சாவி பாதி வரை திரும்பி, அதற்கு மேல் திரும்ப மாட்டேன் என்று பிடிவாதம் செய்தது. இரண்டாவது, பிள்ளை வாங்கி அனுப்பியிருந்த கைபேசி கண்ணை மூடிக்கொண்டுவிட்டது. "பெட்டியிலே இருக்கறது போனாப் போகட்டும், தம்பி! இதுல இருக்கறது போச்சுன்னா எந்தக் கடையில வாங்கறது?" என்றார்.

விஷயம் இதுதான். செட்டியார் காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது. அதற்கு முன் அவர் சில மாதம் சிங்கப்பூரில் பிள்ளை வீட்டில் தங்கியிருந்தபோது, தினமும் இரவில் ஆச்சிக்குப் பேசிப் பதிவு செய்து அனுப்பியிருக்கிறார். அந்தக் குரல்கள் அத்தனையும் அந்தக் கைபேசிக்குள்ளே இருக்கின்றன. வேறு எங்கும் யாரும் எடுத்து வைக்கவில்லை.

ஆசாரியின் அரை நாள்

இரும்புப் பெட்டிக்கு ஆள் அனுப்பியதும் உள்ளூர் ஆசாரி வந்து சேர்ந்தார். கையில் ஒரு சாக்குப் பை. அதற்குள் இரண்டு அரம், ஒரு சுத்தியல், ஒரு குறடு, சில கம்பித் துண்டுகள். பெட்டியின் முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்து, சாவியை முன்னும் பின்னும் அசைத்து, காதை வைத்துக் கேட்டார். "உள்ளே வில் ஒன்று ஒடிஞ்சு போச்சு, ஆச்சி" என்றார்.

மெதுவாக அசைத்து அசைத்துப் பெட்டியைத் திறந்தார். கதவின் உட்புறத்துத் தகட்டைக் கழற்றினார். பூட்டின் உள்ளமைப்பு முழுவதும் கண்ணுக்குத் தெரிந்தது. ஒன்றின் மேல் ஒன்றாகப் பித்தளைத் தகடுகள். ஒவ்வொன்றையும் அழுத்திப் பிடிக்க ஒரு சிறு எஃகு வில். அவற்றில் ஒன்று இரண்டாக முறிந்து கிடந்தது. ஆசாரி பைக்குள் துழாவி, பழைய கடிகாரச் சுருளின் துண்டு ஒன்றை எடுத்தார். அதைக் காய்ச்சி, வளைத்து, அரத்தால் தேய்த்து, மறுபடி செந்நிறமாகக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்து, இளஞ்சூட்டில் பதப்படுத்தினார். மத்தியானச் சாப்பாட்டு வேளைக்குள் பூட்டு 'டக்' என்று திரும்பிற்று.

அந்தப் பெட்டியைச் செய்தவர் இன்று உயிரோடு இல்லை. அவருடைய பட்டறை எங்கே இருந்தது என்றும் தெரியாது. ஆனாலும் நூறு வருஷத்துக்குப் பிறகு வந்த ஒருவர் யாரிடமும் அனுமதி கேளாமல் அதைத் திறந்து, பார்த்து, புரிந்துகொண்டு, சரிசெய்துவிட்டுப் போக முடிந்தது. திருடனுக்குத் திறக்காத பெட்டி தொழிலாளிக்குத் திறந்து கொடுத்தது. அதைச் செய்த மகானுபாவர் அப்படித்தான் அதைச் செய்திருந்தார்.

பசையும் திருகாணியும்

கைபேசியின் கதை வேறு. நண்பர் அதை எடுத்துக்கொண்டு ஒரு பெரிய நகரத்துக்குப் போய், கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற பழுதுபார்க்கும் கடையில் கொடுத்தார். கண்ணாடி அறை, குளிர்ந்த காற்று, வரிசைச் சீட்டு எல்லாம் இருந்தன. பதில் மட்டும் சுருக்கமாக வந்தது. இந்த மாதிரிக்குப் பாட்டரி வருவது நின்றுவிட்டது. வேறு ஏதாவது செய்து பார்க்க வேண்டுமானால் உள்ளே இருப்பது முழுவதும் அழிந்து போவதற்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதைவிடப் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது, விலையில் கொஞ்சம் தள்ளிக் கொடுப்பார்கள். நண்பர் கையெழுத்துப் போடாமல் திரும்பிவிட்டார்.

கடைசியில் காரைக்குடியில் ஒரு சந்துக்குள் இருக்கும் சிறு கடையில் ஓர் இளைஞர் அதைக் கையில் வாங்கினார். நாமும் கூடப் போயிருந்ததால் அவர் வேலை செய்வதைப் பார்க்கும் பாக்கியம் கிடைத்தது. கைபேசியின் அடியில் இரண்டு திருகாணிகள். அவற்றின் தலையில் ஐந்து இதழ்ப் பூவைப் போன்ற பள்ளம். வீட்டிலுள்ள எந்தத் திருப்புளியும் அதில் பொருந்தாது. முன்கண்ணாடியோ பசையால் ஒட்டப்பட்டிருந்தது. இளைஞர் அதைச் சூடான தகட்டின் மேல் வைத்துப் பசையை இளக்கி, மெல்லிய அட்டையை இடுக்கில் செருகி, பத்து நிமிஷம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பிரித்தார். உள்ளே பாட்டரி அப்பளம் போல் உப்பியிருந்தது. அதுவும் பசையால் ஒட்டியிருந்தது.

நேயர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இந்தப் பாட்டரியில் அதிசயம் ஒன்றும் இல்லை. லித்தியம் அயனிகள் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் போவதும் வருவதுமாக இருப்பதால் மின்சாரம் சேமிக்கப்படுகிறது. அப்படிப் போய் வரும் ஒவ்வொரு தடவையும் அதன் சக்தி சிறிது குறைகிறது. சில நூறு தடவை ஏற்றி இறக்கினால் அது கிழடு தட்டிவிடும். ஆகவே கைபேசியில் நிச்சயமாகத் தேய்ந்து போகும் பாகம் ஒன்று உண்டானால் அது பாட்டரிதான். சைக்கிள் செய்கிறவன் டயரைக் கழற்ற முடியாதபடி சக்கரத்தோடு ஒட்டிவிட்டால் அவனை என்னவென்று சொல்வோம்?

இளைஞர் சென்னை ரிச்சி தெருவிலிருந்து வரவழைத்து வைத்திருந்த ஒரு பாட்டரியைப் பொருத்தினார். கைபேசி கண் விழித்தது. உடனே திரையில் ஓர் அறிவிப்பு: 'இது அசல் பாகந்தானா என்று உறுதி செய்ய இயலவில்லை.' அன்று மாலை அந்த வாசகத்தை ஆச்சிக்குப் படித்துச் சொன்னோம். ஆச்சி சற்று யோசித்துவிட்டு, "சம்மதமான்னு கேக்கறதா இருந்தா என்னையல்ல கேக்கணும்? காசு குடுத்தவ நான்தானே?" என்றார்.

பிறகு ஆச்சி தமது விரலால் எதையோ தொட்டார். செட்டியாரின் குரல் வளவு முழுவதும் கேட்டது. பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. சிங்கப்பூரில் மழை என்றும், பேரன் பரீட்சையில் தேறிவிட்டான் என்றும், இரும்புப் பெட்டிச் சாவியை மறக்காமல் இடுப்பில் சொருகிக்கொள்ள வேண்டும் என்றும் சொல்லிற்று. நாம் எழுந்து திண்ணைக்கு வந்துவிட்டோம்.

பழுதுபார்த்து வாழ்ந்த சீமை

பழுதுபார்ப்பது ஏழைகளின் சமாசாரம் என்று இக்காலத்தில் ஓர் அபிப்பிராயம் பரவி வருகிறது. செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அவை செல்வர்கள் கட்டிய மாளிகைகள். ஆனால் அவற்றின் ஒவ்வோர் அங்கமும் கழற்றி மாற்றக் கூடியது. ஆத்தங்குடிக் கல் ஒன்று உடைந்தால் அந்த ஒன்றை மட்டும் பெயர்த்து வேறொன்றைப் பதிக்கலாம். நாட்டு ஓடு நழுவினால் அந்த ஓட்டை மட்டும் மாற்றலாம். வீடே இடிபட்டாலும் தூணும் நிலையும் கதவும் பூட்டும் காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போய், அங்கிருந்து மற்றொரு வீட்டுக்குக் குடிபோகின்றன.

அரியக்குடியின் பெயரை உலகறியச் செய்த சங்கீதத்தையே எடுத்துக்கொள்வோம். ராமானுஜ ஐயங்கார் வகுத்த கச்சேரி முறையைத்தான் இன்றும் வித்வான்கள் பின்பற்றுகிறார்கள். அந்தக் கச்சேரிக்கு உயிர் கொடுக்கும் மிருதங்கமோ ஓயாமல் பழுதுபார்க்கப்படும் வாத்தியம். வலந்தலையில் அப்பிய கருங்கரணை தேயும், தோல் தளரும், வார் நெகிழும். ஒவ்வொன்றையும் புதுப்பிக்க வேண்டும். பாலக்காடு மணி ஐயரின் நாதத்துக்குப் பின்னால் தஞ்சாவூர்ப் பர்லாந்து என்ற கைவினைஞர் இருந்தார் என்பதை 2020-ம் வருஷம் வெளியான 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற புஸ்தகத்தில் டி. எம். கிருஷ்ணா விவரமாக எழுதியிருக்கிறார். மிருதங்கத்தை ஒட்டி மூடி, 'தோல் கிழிந்தால் புதிது வாங்கிக்கொள்' என்று சொல்லியிருந்தால் அந்த நாதம் எங்கே இருந்திருக்கும்?

யந்திரங்களிலும் இதுதான் நம் வழக்கமாக இருந்தது. கிணற்று மோட்டார் எரிந்துவிட்டால் விவசாயி புது மோட்டார் வாங்க ஓடுவதில்லை. பக்கத்து ஊரில் காயில் கட்டும் கடைக்கு எடுத்துப் போகிறார். கருகிய செப்புக் கம்பியை வெட்டி எடுத்து, சுற்றுகளை எண்ணி, அதே கனமுள்ள புதுக் கம்பியைச் சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காய வைத்து, இரண்டொரு நாளில் கொடுத்துவிடுகிறார்கள். பயிர் பிழைக்கிறது. பழைய செம்புக்கும் எடை போட்டுக் காசு உண்டு. கொங்கு நாட்டு மோட்டார்த் தொழில் தழைத்ததற்கு இந்தச் சிறு கடைகள் செய்த உதவி கொஞ்சமல்ல.

அந்தக் கொங்கு நாட்டிலே ஜி. டி. நாயுடு எப்படி யந்திர வித்தையைக் கற்றார்? ஓர் ஆங்கில உத்தியோகஸ்தரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு மோகம் கொண்டு, கோயம்புத்தூர் ஹோட்டலில் வேலை செய்து பணம் சேர்த்து, அதை விலைக்கு வாங்கினார். வாங்கியதும் முதல் காரியமாக அதை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றி மறுபடியும் பூட்டினார். அவருக்கு அதுவே கலாசாலை. 'பிரித்தால் உத்தரவாதம் போய்விடும்' என்ற சீட்டு அந்த வண்டியில் ஒட்டியிருந்து, அதற்கு அவர் பயந்திருந்தால், இந்தியாவின் முதல் மின்சார மோட்டார்களில் ஒன்று 1937-ல் கோயம்புத்தூரில் பிறந்திருக்குமா?

ஒரு லட்ச ரூபாய்ப் பரிசு

இந்த விஷயத்தில் மகாத்மா காந்தியின் தீர்க்க திருஷ்டியை நினைத்தால் வியப்பு உண்டாகிறது. 1929-ம் வருஷத்தில் அகில பாரதச் சர்க்கா சங்கத்தார் சிறந்த இராட்டினம் ஒன்றைக் கண்டுபிடிப்பவருக்கு ஒரு லட்ச ரூபாய் பரிசு அறிவித்தார்கள். அக்காலத்து லட்சம் இக்காலத்தில் எத்தனை கோடிக்குச் சமானம் என்று நேயர்களே கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

பரிசுக்கு விதித்த நிபந்தனைகள் கவனிக்கத் தக்கவை. இராட்டினம் கனமில்லாததாக, கிராமத்துக் குடிசையில் கையாலோ காலாலோ சுற்றக் கூடியதாக இருக்க வேண்டும். ஒரு பெண் எட்டு மணி நேரம் அதிகச் சிரமமின்றி வேலை செய்யக் கூடியதாகவும், அந்த நேரத்தில் 16,000 அடி நூல் தரக் கூடியதாகவும் இருக்க வேண்டும். விலை 150 ரூபாய்க்கு மேற்படலாகாது. இவற்றோடு இன்னொன்று: உரிய காலத்தில் பராமரித்தால் 20 வருஷம் உழைக்க வேண்டும், வருஷாந்தரப் பராமரிப்புச் செலவு யந்திரத்தின் விலையில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் போகக் கூடாது.

யந்திரத்தை வாங்கும் விலையோடு அதைக் காப்பாற்றும் செலவையும் சேர்த்து எண்ணிய நிபந்தனை இது. 'இருபது வருஷம் உழைக்குமா? பழுதுபார்க்க என்ன ஆகும்?' என்று கேட்ட பிறகே பரிசு. அந்தப் பரிசை ஒருவரும் பெறவில்லை. பிற்பாடு தமிழ்நாட்டைச் சேர்ந்த ஏகாம்பரநாதன் உருவாக்கிய இராட்டினம் அவர் பெயராலேயே 'அம்பர் சர்க்கா' என்று தேசமெங்கும் பரவிற்று. அன்று குடிசைக்காரியின் சார்பில் கேட்ட கேள்வியை, இன்று பல்லாயிரம் ரூபாய் கொடுத்துச் சாமான் வாங்கும் நாம் கேட்க மறந்துவிட்டோம்.

மறுபுறத்தில், சாமான் சீக்கிரம் கெட்டுப் போக வேண்டும் என்று கங்கணம் கட்டிக்கொண்டவர்களும் உலகத்தில் இருந்திருக்கிறார்கள். 1924-ம் வருஷ முடிவில் மேனாட்டு மின்சார பல்பு முதலாளிகள் ஜினீவாவில் கூடி ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். அதன்படி ஒரு பல்பு ஏறக்குறைய ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் எரியக் கூடாது. நீண்ட நாள் எரியும் பல்பைச் செய்கிறவனுக்கு அபராதம்! 'பீபஸ்' என்பது அந்தக் கூட்டுக்குப் பெயர். சூரிய பகவானின் கிரேக்கப் பெயரை வைத்துக்கொண்டு விளக்கின் ஆயுளைக் குறைத்தார்கள். இரண்டாவது உலக யுத்தம் வந்து அந்தக் கூட்டைக் கலைத்தது.

உலகம் விழிக்கிறது

இப்போது பூட்டு நுட்பமாகிவிட்டது. பாகத்துக்கு ஓர் எண்ணும் யந்திரத்துக்கு ஓர் எண்ணும் கொடுத்து, இரண்டையும் கம்பெனியின் மென்பொருள் சேர்த்து வைத்தாலொழிய வேலை செய்யாதபடி முடிச்சுப் போட்டு விடுகிறார்கள். அமெரிக்காவில் டிராக்டர் வைத்திருக்கும் குடியானவர்களே இதனால் தவித்துப் போனார்கள். கோதுமை அறுவடைக்குக் காத்திருக்கும். டிராக்டரில் ஒரு சிறு உணர்கருவி கெட்டிருக்கும். அதை மாற்றக் குடியானவருக்குத் தெரியும். ஆனால் கம்பெனி ஆள் கணினியோடு வந்து அனுமதி கொடுக்கும் வரையில் யந்திரம் நகராது.

அவர்கள் சும்மா இருக்கவில்லை. மாஸசூசெட்ஸ் ராஜ்யத்தில் 2012-ல் மோட்டார் வண்டிகளைப் பழுதுபார்க்கும் உரிமை பற்றி ஜனங்களிடம் ஓட்டெடுத்தபோது நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டவர்கள் ஆதரித்தார்கள். கொலராடோ ராஜ்யம் 2023-ல் விவசாய யந்திரங்களுக்கென்று சட்டம் செய்தது. ஒரேகான் ராஜ்யத்தில் 2024-ல் செய்த சட்டம், எண்களால் முடிச்சுப் போடும் தந்திரத்தையே தடுத்தது. பிரான்ஸ் தேசத்தில் 2021 ஜனவரி முதல் கைபேசி, சலவை யந்திரம் முதலியவற்றின் மேல் 'பழுதுபார்க்க எவ்வளவு எளிது' என்று பத்துக்கு இத்தனை மார்க் போட்டு விற்க வேண்டும் என்று விதித்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் போல் கம்பெனிகளும் மார்க் வாங்கும் காலம் வந்தது!

ஐரோப்பிய யூனியன் 2024 ஜூனில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஓர் உத்தரவை நிறைவேற்றிற்று. 2025 ஜூன் 20 முதல் அங்கே விற்கப்படும் புதிய கைபேசி மாதிரிகளுக்கு, விற்பனை நின்ற பிறகும் ஏழு வருஷம் முக்கிய உதிரிப் பாகங்கள் கிடைக்கச் செய்ய வேண்டும். அவற்றில் ஆச்சிக்கு வேண்டியிருந்த பாட்டரியும் ஒன்று.

நம் தேசத்தில்

நம் தேசமும் தூங்கிவிடவில்லை. மோட்டார் கார்களின் உதிரிப் பாகங்களைப் பற்றி 2011-ல் ஒருவர் போட்டி ஆணையத்திடம் புகார் செய்தார். கம்பெனிகள் பாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் தங்களுடைய முகவர்களுக்கே கொடுத்து, தனிப்பட்ட ஒர்க்ஷாப்புகளுக்குக் கிடைக்காமல் செய்கின்றன என்பது குற்றச்சாட்டு. ஆணையம் விசாரித்து, 2014 ஆகஸ்டு 25-ல் 14 கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. கம்பெனிகள் அதை எதிர்த்து மேல்மன்றங்களுக்குப் போயின. 2016 டிசம்பரில் அப்பீலை விசாரித்த நியாயசபை அபராதத் தொகையைக் குறைத்தாலும், குற்றம் குற்றமே என்றது.

2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நமக்கு ஆறு உரிமைகளைச் சொல்கிறது. பழுதுபார்க்கும் உரிமை அவற்றில் பெயர் சொல்லி இடம்பெறவில்லை. ஆனால் சாமானைப் பற்றிய விவரங்களைத் தெரிந்துகொள்ளும் உரிமையும், முறையற்ற வியாபாரத்துக்குப் பரிகாரம் தேடும் உரிமையும் அதில் இருக்கின்றன. அந்த ஆதாரத்தின் மேல் கட்டடம் எழுப்புவதற்காக 2022 ஜூலையில் மத்திய சர்க்காரின் நுகர்வோர் விவகாரத் துறை ஒரு கமிட்டியை நியமித்தது. விவசாயக் கருவிகள், கைபேசிகள், வீட்டு உபயோகச் சாமான்கள், மோட்டார் வாகனங்கள் ஆகிய நான்கும் அதன் கவனத்துக்கு வந்தன. அந்த வருஷம் டிசம்பர் 24-ல், தேசிய நுகர்வோர் தினத்தன்று, கம்பெனிகள் தங்கள் பழுதுபார்ப்பு விவரங்களை வெளியிடுவதற்கு ஓர் இணைய வாசலும் திறக்கப்பட்டது. பிரான்ஸைப் போல் மார்க் போடும் முறையை ஆராய்ந்த மற்றொரு கமிட்டி 2025 மே மாதத்தில் தன் அறிக்கையைக் கொடுத்தது.

இவையெல்லாம் நல்ல காரியங்கள்தாம். ஆனால் கம்பெனி மனமுவந்து விவரத்தை வெளியிடுவது வேறு. வெளியிடாவிட்டால் கேட்டு வாங்கும் உரிமை ஜனங்களுக்கு இருப்பது வேறு. பின்னதைச் சட்டம் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்பது நம் அபிப்பிராயம்.

ஆட்சேபணைகள்

கம்பெனிக்காரர்களின் கட்சியையும் கேட்பதுதான் நியாயம். லித்தியம் பாட்டரியைத் தெரியாதவன் குத்திவிட்டால் தீப்பிடிக்கும் என்கிறார்கள். வாஸ்தவந்தான். அந்தக் காரைக்குடி இளைஞர் உப்பிய பாட்டரியை எடுத்தபோது நமக்கே வயிற்றைக் கலக்கிற்று. ஆனால் ஆபத்து இருக்கிறது என்பதற்காகக் கையேட்டை ஒளித்து வைத்தால் ஆபத்து குறையுமா, கூடுமா? ஜனங்கள் எப்படியும் திறக்கத்தான் போகிறார்கள். முறையைச் சொல்லிக் கொடுத்து, நல்ல பாகத்தை நியாய விலைக்கு விற்றால், போலிப் பாகத்தால் வரும் விபத்துத்தான் குறையும்.

திருட்டுக் கைபேசிகளின் பாகங்கள் விலையாகிவிடும், தொழில் ரகசியம் வெளியாகிவிடும் என்றும் சொல்கிறார்கள். திருட்டுப் பாகத்தைக் கண்டுபிடிக்க வழி வேண்டியதுதான். அதற்காக நேர்மையாக வாங்கியவனையும் திருடனைப் போல் நடத்துவது எந்த ஊர் நியாயம்? பாட்டரியை எப்படிக் கழற்றுவது என்று சொல்வதால் எந்த ரகசியமும் போய்விடாது. அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் இந்த ஆட்சேபணைகளையெல்லாம் ஆராய்ந்து 2021 மே மாதத்தில் வெளியிட்ட அறிக்கையில், பழுதுபார்ப்பைத் தடுப்பதற்குக் கம்பெனிகள் சொல்லும் காரணங்களுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்றே கூறிற்று.

இன்னொரு புறமும் பார்க்க வேண்டும். 2022-ம் வருஷத்தில் மட்டும் உலகத்தில் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் குப்பை சேர்ந்ததாக ஐக்கிய நாடுகளின் கணக்குச் சொல்கிறது. அதில் நாலில் ஒரு பங்குகூட முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்படவில்லை. மிச்சத்தில் ஒரு பகுதி ஏழைகளின் கையிலே, அமிலத்திலும் நெருப்பிலும் வெந்து முடிகிறது. இன்னும் பல வருஷம் உழைக்கக் கூடிய கைபேசியைப் பாட்டரிக்காகத் தூக்கி எறிவது பணத்தோடு நிற்கிற நஷ்டமல்ல.

ஓர் ஆச்சரியத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். டாக்டர் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் நன்கொடை அளிக்க, 1948 ஜூலை 25-ல் ஜவாஹர்லால் நேரு அஸ்திவாரக் கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சிக் கழகம் காரைக்குடியிலேதான் இருக்கிறது. பாட்டரிகளைப் பற்றிய ஆராய்ச்சி அதன் முக்கியப் பணிகளில் ஒன்று. அந்த விஞ்ஞானக் கோயிலுக்குச் சற்றுத் தூரத்தில் வசிக்கும் ஒரு மூதாட்டி ஒரு பாட்டரிக்காகத் தவித்தார். நம்மிடம் அறிவு இல்லாமல் இல்லை. சாவிதான் நம்மிடம் இல்லை.

நாம் செய்யக் கூடியது

சட்டம் வருகிறபோது வரட்டும். அதுவரையில் குடும்பத்தார் செய்யக் கூடியவை சில உண்டு. அடுத்த தடவை கைபேசியோ மிக்ஸியோ சலவை யந்திரமோ வாங்கப் போகும்போது, நிறத்தையும் தள்ளுபடியையும் விசாரித்த பிறகு, இன்னும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இதில் தேயும் பாகம் எது, அதை மாற்ற என்ன செலவாகும்? எத்தனை வருஷம் வரை பாகம் கிடைக்கும்? நம் ஊர் மெக்கானிக் இதைத் திறக்க முடியுமா? கடைக்காரருக்குப் பதில் தெரியாமல் இருக்கலாம். பத்துப் பேர் கேட்டால் அவர் கம்பெனியைக் கேட்பார். ஆயிரம் பேர் கேட்டால் கம்பெனி பதில் சொல்லும்.

ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பழுதுபார்க்கக் கொடுத்தால் மாற்றிய பழைய பாகத்தைத் திரும்பக் கேளுங்கள். பாகம் இல்லை என்று கைவிரித்தால் அதை எழுத்தில் வாங்குங்கள். தேசிய நுகர்வோர் உதவித் தொலைபேசியின் எண் 1915. மாவட்டந்தோறும் நுகர்வோர் குறைதீர் ஆணையமும் இருக்கிறது. முக்கியமாக, கைபேசியிலுள்ள அருமையான குரல்களையும் படங்களையும் இன்றைக்கே இன்னோர் இடத்தில் நகல் எடுத்து வையுங்கள். ஆச்சிக்கு நண்பர் அதை அன்றிரவே செய்து கொடுத்துவிட்டார்.

எல்லாவற்றையும்விட, உங்கள் தெருவிலுள்ள பழுதுபார்க்கும் மனிதரிடம் மரியாதையாக இருங்கள். அவர் கேட்கும் கூலியை நிறுத்து நிறுத்துப் பேரம் பேசாதீர்கள். புதுச் சாமானுக்கு முப்பதாயிரம் ரூபாயைக் கேட்டவுடன் கொடுக்கும் நாம், பழையதைப் பிழைக்க வைக்கும் கைக்கு முந்நூறு ரூபாய் கொடுக்கக் கணக்குப் பார்க்கிறோம். ஈயம் பூசுகிறவர் தெருவில் வருவது அநேகமாக நின்றுவிட்டது. அம்மி கொத்துகிறவர் குரலும் கேட்பதில்லை. காயில் கட்டும் கடையும் கைபேசிச் சந்துக் கடையும் அவர்கள் வழியே போய்விட்டால், பிறகு எந்தச் சட்டம் வந்து என்ன பிரயோஜனம்? உரிமை இருக்கும், செய்வதற்கு ஆள் இருக்க மாட்டார்.

புறப்படும்போது ஆசாரியின் பட்டறை வழியாக வந்தோம். அவர் யாருடைய வீட்டுக் கதவுத் தாழ்ப்பாளையோ அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தார். "இந்தக் கைபேசிப் பூட்டை உங்களால் திறக்க முடியுமா?" என்று வேடிக்கையாகக் கேட்டோம். அவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "செஞ்சவன் நல்ல கெட்டிக்காரன்தான், ஐயா" என்றார். பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டு, "ஆனா, இதைத் திறக்கப் போறவனை அவன் மனசிலே நெனைக்கவே இல்லை" என்று சொல்லித் தம்முடைய வேலையைத் தொடர்ந்தார்.